லேபிள் இல்லாத புட்டி

"உன் ஆறு சுத்தமா இருக்குடா, எர்மெக்."

சயரா முடிவுத் தாளை அவன் பக்கமாகத் தள்ளினாள். எர்மெக் அதைத் தொடவில்லை.

"இன்னொரு தடவை பாருங்கக்கா."

"மூணு தடவை பார்த்தாச்சு. பாலத்தடி, உருக்காலைக்கு மேல, உருக்காலைக்குக் கீழ, ஆட்டுப் பட்டி... எங்கயும் ஆர்சனிக் அளவுக்கு மீறி இல்ல. இந்த ஊர்க் குழாய்த் தண்ணிக்கு உன் ஆறு தேவலாம்."

"ஆலைக்காரங்க வந்து உங்களைப் பார்த்தாங்களா?"

சயரா கண்ணாடியைக் கழற்றினாள்.

"இருபத்திரண்டு வருஷமா இந்த ஆய்வுக்கூடத்துல குப்பை கொட்டறேன். வேற எவனாவது இதைக் கேட்டிருந்தா மண்டையைப் பிளந்திருப்பேன். நீயாப் போயிட்டதால விடறேன். ரொட்டியைப் பிய், டீ ஊத்தறேன்."

ரொட்டியைத் தொடாமல் எழுந்துபோனால் அவமரியாதை. எர்மெக் ஒரு துண்டு பிய்த்து வாயில் வைத்துக்கொண்டான். மெல்லவில்லை. சயரா கிண்ணத்தில் பாதிக்கு டீ ஊற்றினாள்.

"நீ கொண்டு வந்த கேன் தண்ணியிலதான் போட்டேன். வரும்போதெல்லாம் ஒரு கேன் கொண்டு வந்து என் நாக்கைக் கெடுத்து வெச்சிருக்க."

செவ்வாய்க்கிழமை மாவட்ட அலுவலகத்தில் உருக்காலை மீது விசாரணை. அதற்காக ஒரு வருடம் படியேறி இறங்கியிருந்தான். சோதனைக்கு நீர் மாதிரிகள் எடுப்பது அவன் வேலை. தன் மனைவி ஜில்டிஸைக் கொன்றது ஆலைக் கழிவு கலந்த ஆறுதான் என்று ஒரே ஒரு காகிதம் சொன்னால் போதும். சொல்லாவிட்டால், ஆலையில் வேலை பார்க்கும் பாதி ஊர் அவன் முகத்துக்கு நேரே சிரிக்கும்.

"அவ முடியிலயும் நகத்துலயும் ஆர்சனிக் இருந்துச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாரே. அது வானத்துலேருந்தா வந்துச்சு?"

"நீயும் அதே ஆத்துத் தண்ணியைத்தான் குடிக்கிற. உங்கம்மாவும் குடிக்கிறாங்க. ரெண்டு பேரும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கீங்க."

"ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு மாதிரிக்கா. வயித்துல மேரிம் இருக்கான்னு தெரிஞ்ச அன்னிக்கே அவளுக்கு ஆத்துத் தண்ணியை நிறுத்திட்டேன். அதுக்குள்ள விஷம் உள்ள போயிருச்சு."

"குழந்தை எப்படி இருக்கா?"

"வயித்து வலின்னு அழறா. சரியாச் சாப்பிடறதில்ல. ஏக்கம்னு எங்கம்மா சொல்றாங்க." எர்மெக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ஆனா அவ வாயில ஆத்துத் தண்ணி ஒரு சொட்டு பட்டதில்ல. அந்த ஒரு விஷயத்துல நான் ஏமாறல."

சயரா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. ஒரு புட்டியில மட்டும் நீயே எதையாவது கலந்தியா?"

அவன் நிமிர்ந்தான்.

"எட்டுப் புட்டி குடுத்த. ஏழுலதான் லேபிள் இருந்துச்சு. எட்டாவதை மெஷின்ல ஓட்டிப் பார்த்தா, ஆர்சனிக் பத்தைத் தாண்டக் கூடாத இடத்துல இருநூத்துப் பதினாலு. ஆலை மேல இருக்கிற வெறியில விஷத்தை நீயே போட்டுட்டியோன்னு நினைச்சேன். அதான் தாள்ல சேர்க்கல."

"ஆலையோட கழிவுக் குழாய்!" எர்மெக் எழுந்துவிட்டான். ஒரு வருடத்தில் முதல் முறையாக அவன் குரலில் உயிர் வந்தது. "குழாய் வாயில பிடிச்சேன்கா. லேபிள் உதிர்ந்திருக்கும். நான்தான் சொன்னேன்ல? இதைக் கொதிக்க வெச்சா விஷம் போகுமா?"

"போகாது. தண்ணி சுண்டினா விஷம் இன்னும் கெட்டிதான் ஆகும்."

"எழுதுங்க. அதையும் எழுதுங்க."

"கழிவுக் குழாய்னு ஏழுல ஒண்ணுலயே எழுதியிருந்தியேடா. அது சுத்தமா இருக்கு. இரு, அந்தப் புட்டியைக் கொண்டு வரேன். நீயே பாரு."

உள்ளே போய் எடுத்து வந்து மேஜையில் வைத்தாள்.

"இதென்ன, கழுத்துல துணி கட்டியிருக்க?"

புட்டியின் கழுத்தில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைத் துணி முடிச்சுப் போட்டிருந்தது. மலையடியில், மகான் சமாதிக்குப் பக்கத்து ஊற்றின் மேல் சாய்ந்த மரத்தில் இப்படித்தான் ஆயிரம் வேண்டுதல் துணிகள் தொங்கும். நோயாளிக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் அங்கிருந்துதான் தண்ணீர் கொண்டு போவார்கள். அந்த ஊற்றைச் சோதிக்க வேண்டும் என்று இதுவரை ஒருவருக்கும் தோன்றியதில்லை. எர்மெக்குக்கும் தோன்றவில்லை. ஆற்றின் அழுக்கோடு ஒப்பிட்டுக் காட்ட நல்ல தண்ணீர் ஒரு புட்டி வேண்டும் என்றுதான் அங்கே பிடித்தான். ஆற்றுப் புட்டிகளோடு கலந்துவிடக் கூடாது என்று ஒரு துணியைக் கிழித்துக் கட்டினான்.

சயரா டீயை உதட்டருகே கொண்டுபோனாள். அவன் கை எட்டி அந்தக் கிண்ணத்தைத் தட்டிவிட்டது.

"என்னடா பண்ற?"

அவன் போனை எடுத்தான். மூன்றாவது முறைதான் சரியான பொத்தான் அகப்பட்டது.

"அம்மா. கேன்ல இருக்கிற தண்ணியைக் கொட்டிடுங்க. எல்லாத்தையும். மேரிமுக்கு இனிமே ஆத்துத் தண்ணியே குடுங்க."

"ஊத்துத் தண்ணியைக் கொட்டறதா? வாயைக் கழுவுடா," என்றாள் அம்மா. "ஜில்டிஸுக்குக் கடைசி நாள் வரைக்கும் உன் கையாலயே கரண்டி கரண்டியா ஊட்டினியே, அந்தத் தண்ணிடா அது."