மிட்ஷிப்மனின் மேற்சட்டை

பொம்மைக்குப் போட்டதும் மேற்சட்டையின் கை நீண்டு விரல்களையும் மூடிக்கொண்டது.

"அக்கா, உதை உள்ளுக்கு மடிச்சு ஒரு தையல் போடுங்கோ. தமையன்ர உடுப்பைக் களவெடுத்துப் போட்டவன் மாதிரி நிக்கிறான்," என்றான் மிதுனன்.

ரொறன்ரோவின் அந்த அருங்காட்சியகத்தில் பொம்மைகள் அவன் பொறுப்பு. பழந்துணிகள் நதீஷாவின் பொறுப்பு. கண்காட்சி நாளை திறக்கிறது. இந்தச் சட்டையைப் போட்ட பையன் இறந்தபோது இருந்த உயரத்துக்கே பொம்மையைச் செய்திருந்தான் மிதுனன்.

பையன் விக்டோரியா காலத்து ஆங்கிலக் கடற்படையில் மிட்ஷிப்மன். பதின்மூன்று வயதில் கப்பலேறியவன். பயிற்சி அதிகாரிதான், ஆனாலும் தகப்பன் வயது மாலுமிகள் அவனுக்குச் சலாம் வைத்தார்கள். பதினாறில் ஆபிரிக்கக் கரையோரம் காய்ச்சல் கொண்டுபோனது. இறந்தவரின் உடுப்புகளைப் பாய்மரத்தடியில் ஏலம் விடுவது கடற்படை வழக்கம். கூட்டாளிகள் இந்தச் சட்டையை ஏலத்தில் எடுத்துத் தாய்க்கு அனுப்பினார்கள். கனடாவுக்கு வந்தபோது அவள் இதையும் கொண்டுவந்தாள்.

நதீஷா ஊசியை எடுக்கவில்லை. சட்டைக் கையின் ஓரத்தை விளக்கடியில் பிடித்தாள்.

வளரும் பிள்ளைக்குத் தைக்கும்போது கையின் உள்ளே துணியை மடித்து விடுவார்கள். வளர வளர அவிழ்த்து இறக்கலாம். வெளியே கிடந்த துணி வெயிலில் வெளுக்கும். மடிப்புக்குள் இருந்தது வெளுக்காது. அதனால் ஒவ்வொரு இறக்கமும் ஒரு பட்டையாகத் தெரியும்.

மேல் பட்டை நன்றாக வெளுத்திருந்தது. அடுத்தது கொஞ்சம் வெளுத்திருந்தது. அந்த மடிப்புகளில் தடித்த நூல் போன துளைகள். அது கப்பல் தையல்.

கடைசிப் பட்டை மட்டும் புதுத்துணி போலக் கருநீலம். ஓரத்தில் பட்டுநூல், நெருக்கமான தையல். அது வீட்டுத் தையல்.

போட ஆள் இல்லாமல் போன பிறகு கையை இறக்கியிருக்கிறார்கள். இப்போது மடித்தால் அது ஒருவர் கண்ணிலும் படாது.

இதையெல்லாம் மிதுனனுக்குக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். செத்த பிள்ளையின் சட்டையை எந்தத் தாய் பெருப்பிப்பாள், பிறகு வந்த ஆரோ பிழையாகத் தைத்திருப்பார்கள் என்றான்.

நதீஷா ஓரத்தை விரலால் நீவிவிட்டாள்.

"என்ர தம்பி காணாமல் போகேக்க பதினாலு வயசு. அம்மா போன கிழமையும் அவனுக்குச் சேர்ட் எடுத்தவ. லார்ஜ்."

இவ்வளவு காலம் கூட வேலை செய்தும், அவளுக்கு ஒரு தம்பி உண்டென்று மிதுனன் அறிந்திருக்கவில்லை.

அவன் சட்டையை மெல்லக் கழற்றி அவளிடம் கொடுத்தான். பிறகு களஞ்சிய அறைக்குப் போய், வளர்ந்த ஆளின் பொம்மை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.