பத்தாம் நம்பர் ஸ்பேனர்

“ஒரு ஸ்பேனர் காணோம்னு ஒரு பிளேனையே நிறுத்தி வெச்சிருக்கீங்களா? என்ன மேடம் விளையாட்டு இது?”

போனில் நவநீத் கத்தியது டம்டம் ஏர்போர்ட்டில் விமானம் பழுது பார்க்கும் ஹாங்கரின் மறுகோடி வரைக்கும் கேட்டிருக்கும். மலை ஊர்களுக்குச் சின்ன விமானங்களை ஓட்டும் கம்பெனியின் மேனேஜர் அவர். அந்த விமானங்களைச் செய்து விற்றதும், விற்ற பிறகு பழுது பார்ப்பதும் வத்சலாவின் கம்பெனி. கல்கத்தா கிளை முழுக்க அவள் பொறுப்பு.

“ரூல் அப்படி சார். வேலை முடிஞ்சதும் ஒவ்வொரு டூலும் பெட்டியில அதது இடத்துல இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் பிளேன் கிளம்பக் கூடாது. இன்ஜினுக்குள்ள விழுந்திருந்தா என்ன பண்றது?”

“ஒன்பது பேர் பெட்டியும் படுக்கையுமா உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தருக்கு நாளைக்குக் கல்யாணம்!”

போனை வைத்துவிட்டு வத்சலா ஹாங்கருக்கு நடந்தாள். குட்டி விமானத்தின் மூக்கு மூடியைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார்கள். ஜூனியர் மெக்கானிக் கிரீஷ் உள்ளே தரைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டிருந்தான். சீனியர் மெக்கானிக் கோபாலன் டார்ச்சோடு இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்தார்.

“அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் கிடைச்சுதா?”

“தேடிட்டிருக்கோம் மேடம்.”

“எப்படி கோபாலன்? இருபத்திரண்டு வருஷத்துல ஒரு திருகாணியைக்கூடத் தொலைச்சதில்லேன்னு போன வாரம்தான் ஹெட் ஆபீஸ்ல பெருமையா சொன்னேன். இன்ஸ்பெக்டர் புரொமோஷனுக்கு உங்க பேரைக் குடுத்துட்டு வந்திருக்கேன். இன்னிக்குப் பார்த்து இப்படியா?”

கோபாலன் டார்ச்சை வேறு பக்கம் திருப்பினார்.

மணி பன்னிரண்டானது. போக வேண்டிய ஊரில் ரன்வேக்கு விளக்கு கிடையாது. கழற்றியதையெல்லாம் திரும்ப மாட்டவே இரண்டு மணி நேரம் ஆகும், அந்தப் பக்கம் சீக்கிரம் இருட்டிவிடும் என்பதால், இனிமேல் கிளம்பிப் பிரயோஜனமில்லை என்று நாளைக் காலைக்குத் தள்ளிவைத்தார்கள். பயணிகள் திட்டிக்கொண்டே டாக்ஸி பிடித்தார்கள். கல்யாண மாப்பிள்ளை கொஞ்சம் கூடுதலாகவே திட்டினான். பைலட் சந்தீப் மட்டும் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வேகமாக வெளியே போய்விட்டான்.

அரை மணி கழித்துக் கோபாலன் அவள் அறை வாசலில் வந்து நின்றார்.

“கிடைச்சிடுச்சு மேடம். என் தப்புதான்.”

“எங்க இருந்துது?”

“என் ஓவரால் பாக்கெட்ல.”

வத்சலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஊரையே தேட விட்டீங்க, சொந்தப் பாக்கெட்டைப் பார்க்கத் தோணலையா? பச்சைக் குழந்தையா நீங்க?”

அன்று மாலையே மெமோ தயாரானது. புரொமோஷன் பட்டியலில் இருந்து பெயரும் போனது. கோபாலன் மெமோவைப் படித்தார், கையெழுத்துப் போட்டார், திரும்பி நடந்தார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால்கூட அவளுக்குக் கோபம் கொஞ்சம் தணிந்திருக்கும். இந்த வயதில் இவ்வளவு அலட்சியம் ஆகாது என்று அன்று இரண்டு பேரிடம் சொல்லியும் விட்டாள்.

பதினைந்து நாள் கழித்து சந்தீப் அவளைப் பார்க்க வந்தான். தலை மழித்திருந்தது. கல்கத்தாவை ஒட்டிய சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். தமிழ் அவனுக்குக் கொஞ்சம் யோசித்துத்தான் வரும். கோபாலனைக்கூட வங்காளிகள் மாதிரி ‘தா’ போட்டு, அண்ணன் முறை வைத்துத்தான் கூப்பிடுவான்.

“அம்மா தவறிட்டாங்க மேடம். இன்னிக்குத்தான் டியூட்டிக்கு வந்தேன். கோபால்தாவுக்கு மெமோ குடுத்தீங்களாமே? அதை எடுத்துடுங்க. தப்பு என்னோடது.”

“ஸ்பேனருக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?”

“அம்மா ஜாதவ்பூர்ல ஒரு ஆஸ்பத்திரியில ஐசியூல இருந்தாங்க. ரெண்டு நாளா நான் கண்ணை மூடலை. அன்னிக்குக் காலையில கோபால்தாவோட டீ குடிச்சேன். கேட்டதையே மூணு தடவை கேட்டேனாம். ‘நீ இன்னிக்கு ஓட்டாதே’ன்னார். நான் இன்னும் புரொபேஷன்ல இருக்கேன், நவநீத் சார் லீவ் தரமாட்டேன்னுட்டார், ஓட்டலைன்னா வேலை போயிடும்னு சொன்னேன். டீயைப் பாதியில வெச்சிட்டு எழுந்து போனார். அப்புறம்தான் ஸ்பேனரைக் காணோம்னாங்க.”

சந்தீப் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“சாயங்காலம் நாலு மணிக்கு அம்மா போனாங்க. அவங்க கையைப் பிடிச்சிட்டு நான் பக்கத்துல இருந்தேன் மேடம். பிளேன் கிளம்பியிருந்தா அந்த ஒன்பது பேரும் நானும் என்ன ஆகியிருப்போமோ, நினைச்சாலே நடுங்குது.”

அவன் போன பிறகு வத்சலா கம்ப்யூட்டரில் அந்த மெமோவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு நல்ல மனிதரை என்னவெல்லாம் பேசிவிட்டோம் என்று இருந்தது. கோபாலனைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

அவர் வந்து நாற்காலியைப் பிடித்தபடி நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“சந்தீப் எல்லாத்தையும் சொல்லிட்டான். என்னை மன்னிச்சிடுங்க. மெமோவை நான் எடுத்துடறேன், ஹெட் ஆபீஸ்லயும் பேசறேன். ஆனா எனக்கு ஒரு வருத்தம் இருக்கு கோபாலன். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நான் என்ன மனசே இல்லாதவளா? நவநீத்கிட்ட சண்டை போட்டாவது அந்தப் பிளேனை நானே நிறுத்தியிருப்பேனே!”

கோபாலன் தயங்கினார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது.

“மொதல்ல உங்ககிட்டதான் மேடம் வந்தேன். ஏதோ மீட்டிங்ல இருந்தீங்க, நிமிர்ந்துகூடப் பார்க்கலை. ‘பைலட் தூங்கினானா இல்லையான்னு அவங்க கம்பெனி பார்த்துக்கட்டும், நமக்குப் பிளேன் மட்டும்தான்’னு சொல்லி, கதவைச் சாத்திட்டுப் போகச் சொன்னீங்க.”