தோள் அளவு

"நீ முன்னாலை போ, தம்பி. நான் பின்னாலை வாறன்," என்றார் இக்னேசியஸ்.

ஸ்ரீதரன் ஊன்றுதடிகளை ஊன்றி முன்னால் நகர்ந்தான். ரொறன்ரோவிலிருந்து இரண்டரை மணித்தியாலம் வடக்கே, ஆள் நடமாட்டமே இல்லாத காடு. முழங்கால் வரைக்கும் பனி. காலில் பூட்டியிருந்த சறுக்குக்கட்டைகளில் விழாமல் நிற்கவே அவனுக்கு இன்னும் சரியாக வரவில்லை. இதில் ஓடித் தப்புவது எங்கே? பின்னால் வருகிற மனிதரின் இடுப்பில் றிவோல்வர் வேறு.

முயல் வேட்டை என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார். இரண்டு கையிலும் ஊன்றுதடி பிடிக்க வேண்டும், நீளத் துவக்கென்றால் முதுகில் இடிக்கும், ஆகவே கைத்துப்பாக்கிதான் வசதி என்று காரில் விளக்கமும் கொடுத்தார். கைத்துப்பாக்கியால் வேட்டையாடுவது இந்த நாட்டில் குற்றம் என்று ஸ்ரீதரனுக்குத் தெரியும். அதை அவரிடம் யார் சொல்வது? ரொறன்ரோ மல்வேர்னில் அவருடைய வீட்டு பேஸ்மென்டில்தான் இரண்டு வருடமாகக் குடியிருக்கிறான். அதைவிடப் பெரிய சிக்கல், அவர் பேர்ணடெற்றின் அண்ணன்.

அந்த வீட்டின் வோஷிங் மெஷின் பேஸ்மென்டில் இருந்தது. பேர்ணடெற் உடுப்புக் கூடையோடு இறங்கி வருவாள். முதலில் வாரம் ஒரு தடவை வந்தாள், பிறகு மூன்று, பிறகு தினமும். தோய்த்த உடுப்பையே திரும்பத் திரும்பத் தோய்த்ததில் இக்னேசியஸின் சேர்ட்டுகள் சாயம் போயின, காதல் முற்றியது. அவள் வேதக்காரி, இவன் சைவக்காரன். அண்ணனுக்குத் தெரிந்தால் கொன்றே போடுவார் என்று அவளே பல தடவை சொல்லியிருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை இக்னேசியஸ், மனைவி கிளடிஸ் சட்டை தைக்கிற அளவு நாடாவோடு பேஸ்மென்டுக்கு வந்தார். சறுக்குக்கட்டை வாடகைக்கு எடுக்க அளவு வேண்டுமாம். உயரத்தை அளந்தார், சரி. பாதத்தை அளந்தார், அதுவும் சரி. அதோடு நிற்காமல் தோள், நெஞ்சு, இடுப்பு, கை நீளம் எல்லாம் அளந்து, சிகரெட் பெட்டியில் குறித்துக்கொண்டு மேலே ஏறிப் போனார். சறுக்குக்கட்டைக்குத் தோள் அளவு எதற்கு? தோள் அளவு பார்த்துச் செய்கிற மரச்சாமான் ஸ்ரீதரனுக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது. அதை ஆறு பேர் தூக்குவார்கள்.

வரமாட்டேன் என்றால் சந்தேகம் உறுதியாகிவிடும் என்பதால் வந்தான். ஆனால் முழு மடையனாக வரவில்லை. காரை நிறுத்திவிட்டு இக்னேசியஸ் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிய நேரம், சீற்றில் கிடந்த றிவோல்வரைத் திறந்து, ஆறு ரவைகளையும் எடுத்துத் தன் ஜக்கெற் பொக்கற்றில் போட்டுக்கொண்டான்.

"அசையாதை," என்றது பின்னாலிருந்து குரல், மெதுவாக.

ஸ்ரீதரன் கண்களை மூடிக்கொண்டான். ஒன்று கைவிட்டாலும் மற்றது காப்பாற்றட்டும் என்று நல்லூர் முருகனையும் மடுமாதாவையும் ஒரே மூச்சில் கூப்பிட்டான்.

டிக். டிக். டிக்.

கண்ணைத் திறந்தான். அவனுக்கு முன்னால் பத்தடி தூரத்தில் வெள்ளை முயல் ஒன்று, இந்த இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல் புதருக்குள் போனது.

இக்னேசியஸ் துப்பாக்கியைத் திறந்து பார்த்தார்.

"ரவையளை எடுத்தது நீயோ?"

"ஓம் அண்ணை."

"ஏன்?"

பயத்தில் ஸ்ரீதரனின் நாக்கு தானாக ஓடியது. வோஷிங் மெஷினில் தொடங்கி, அவளுக்காகத் தான் ஞானஸ்நானம் எடுக்கவும் தயார் என்பது வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

"பேர்ணடெற் இல்லாமல் என்னாலை இருக்கேலாது. சுடுறதெண்டால் சுடுங்கோ," என்று முடித்தான். ரவைகள் தன் பொக்கற்றில் இருந்த துணிச்சல் அது.

இக்னேசியஸின் முகத்தில் கோபத்தைக் காணவில்லை.

"உது எனக்கு எப்பவோ தெரியும். கழுவின சேர்ட்டையே ஏன் திரும்பக் கழுவுறாள் எண்டு கிளடிஸ் யோசிக்காமல் விடுவாளோ?"

"அப்ப, அந்தத் தோள் அளவு?"

"கலியாணக் கோட் தைக்க. மாப்பிளைக்கு உடுப்புப் பொம்பிளை வீடுதானே எடுத்துக் குடுக்கிறது? ஈஸ்ரர் முடிஞ்ச கையோடை சேர்ச் புக் பண்ணியாச்சு."

ஸ்ரீதரனுக்கு அழுகை வந்துவிட்டது. இப்படிப்பட்ட தங்கமான மனிதரையா கொலைகாரர் என்று நினைத்தோம் என்று வெட்கப்பட்டான். கட்டிப்பிடிக்கப் போய், சறுக்குக்கட்டைகள் ஒன்றில் ஒன்று மாட்டிப் பனியில் குப்புற விழுந்தான். இக்னேசியஸே கைகொடுத்துத் தூக்கிவிட்டு, பனியையும் தட்டிவிட்டார். ஸ்ரீதரன் பொக்கற்றைத் துழாவி, மன்னிப்புக் கேட்டபடி, ஆறு ரவைகளையும் எண்ணி அவருடைய கையில் வைத்தான்.

அவர் ஆறுதலாக, அவசரப்படாமல், ஒவ்வொன்றாகத் துப்பாக்கிக்குள் போட்டார்.

"மாப்பிளை ஜேர்மனியிலை. வந்திறங்கி மூண்டாம் நாள் கலியாணம், அளவெடுக்க நேரமில்லை. அவனும் உன்ரை உயரம்தான், உன்ரை தோள்தான்," என்ற இக்னேசியஸ், கடைசி ரவையையும் போட்டு மூடினார். "இப்ப நீ முன்னாலை போ."