சேங்கொட்டைச் சாறு

பொத்தான் காஜாவின் கடைசித் தையலைப் போட்டு நூலைப் பல்லால் கடித்தாள்.

தைக்கக் கொடுத்த வெள்ளைக்காரத் துரைசானியின் கவுன் மடியில் கிடந்தது. முற்றத்தில் சலவை மூட்டை பிரியும் சத்தம். அவள் நிமிரவில்லை.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியிருந்த காலம். அண்ணன் குடும்பத்தோடு வந்து கொழும்பில் கொட்டாஞ்சேனையில் இருந்தாள். இங்கேயும் அவர்களுக்கு வெளுத்தவன் திருநெல்வேலிப் பக்கத்து ஆள்தான். மாசாணம்.

ஒவ்வொரு வீட்டுத் துணிக்கும் ஓரத்தில் ஓர் அடையாளம் இடுவான். சேங்கொட்டைச் சாற்றில் ஊசி தோய்த்து இடுவது. எத்தனை வெளுத்தாலும் போகாது. இந்த வீட்டுக்கு மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு.

"ஏளா, ஈஸ்டருக்குத் தச்சியே, இந்த ரவிக்கையில மட்டும் புள்ளியே இல்ல" என்று மதினி சாராள் சிரித்தாள். "உன்னையும் அவன் வீட்டோட சேத்துட்டானா? வண்ணான் வீட்டுத் துணிக்குல்லா புள்ளி கிடையாது."

சொல்லி முடிக்குமுன் அவளுக்கே சிரிப்பு நின்றுவிட்டது.

அண்ணன் வேதமாணிக்கம் பிள்ளை உள்ளேயிருந்து வந்தார்.

ரவிக்கையை வாங்கினார். கழுத்தைப் புரட்டினார். கையைப் புரட்டினார். தங்கையின் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார்.

பழைய துணிகளில் புள்ளி இருந்தது. ஈஸ்டருக்குப் பிறகு அவள் தைத்துக்கொண்ட எதிலும் இல்லை.

இப்போது ஐப்பசி அடைமழைக் காலம்.

அவர் கை ஓங்கவில்லை. அந்தக் குடும்பத்தில் பெண்கள்மேல் கை ஓங்கும் வழக்கம் கிடையாது. தாலியறுத்து நின்ற தங்கையைக் கப்பலேற்றி அழைத்து வந்தவர் அவர். வேதக்கோயிலில் முன்வரிசையில் உட்காருகிறவர்.

மாசாணம் மற்ற வீட்டு அழுக்கு மூட்டையோடு வாசலில் நின்றான்.

"மறந்துட்டியோ?" என்று பிள்ளை ரவிக்கையை நீட்டினார்.

"ஆமாய்யா."

அவன் மறக்கிறவன் இல்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுத் துணி இன்னொரு வீட்டுக்குப் போனதில்லை.

"இங்கயே போடு. எல்லாத்துக்கும். என் கண்ணு முன்னால."

மாசாணம் உட்கார்ந்தான். மடியிலிருந்து சேங்கொட்டையை எடுத்தான். ஊசி கொண்டுவரவில்லை.

அவள் தன் ஊசியைக் கொடுத்தாள்.

கொட்டையைக் குத்தினான். சாறு விரலோரம் கசிந்தது.

"பாத்து" என்றாள் அவள். "சாறு பட்டா வெந்துரும். கையில படாமப் போடுங்க."

'போடுங்க' என்ற சொல்லில் சாராள் திரும்பிப் பார்த்தாள்.

அந்த வீட்டுச் சின்னப் பிள்ளைகள்கூட அவனை ஏலே என்றுதான் கூப்பிடும்.

புள்ளி. புள்ளி. புள்ளி. கீழே கோடு. வைத்த இடத்தில் கறுத்தது.

"இனிமே இந்தத் தெருவுல உன்னயப் பாக்கக் கூடாது" என்றார் பிள்ளை. மாசாணம் எழுந்து போனான். கொண்டுவந்த அழுக்கு மூட்டையை எடுத்துக்கொள்ள ஒரு தடவை திரும்பி வந்தான்.

பிறகு தங்கையிடம், அவளைப் பார்க்காமல்: "வார கப்பல்ல நீ ஊருக்குப் போற. சித்தி வீட்டுப் பின்கட்டுல இருந்துக்கோ. இனி வெளித் தையலும் வேண்டாம்."

"சரி" என்றாள்.

கவுனைத் துரைசானியிடம் சேர்த்தாள். திரும்பும் வழியில் வெளுப்புக்கே போகாத கோடிச் சேலை ஒன்றும் ரவிக்கைத் துணியும் வாங்கினாள். கஞ்சி மொடமொடப்புப் போகாத முரட்டுத் துணி.

பகல் முழுவதும் தைத்தாள். சாராள் இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள்.

"கப்பலுக்கா?"

"போறதுக்குத்தான், மதினி."

"ஒரு தண்ணியில அலசிட்டு உடுத்தேன். மேலெல்லாம் அறுக்கும்."

"அறுக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று அவள் கோயிலுக்கு வரவில்லை. பிள்ளை வற்புறுத்தவில்லை. ஊருக்குப் போகிறவள், நாலு பேர் முகத்தில் விழிக்காமல் போவதே நல்லது என்று நினைத்தார்.

ஆராதனை முடிந்து வந்தபோது கதவு வெறுமனே சாத்தியிருந்தது. கட்டிலின் மேல் அவள் பெட்டி.

"கர்த்தாவே" என்று சாராள் வாயைப் பொத்தினாள். "துறைமுகத்துக்கு ஆள் விடுங்க. அந்தப் பயலும் ஓடியிருப்பான். சீக்கிரம்."

பிள்ளை தலைப்பாகையைக் கழற்றி வைத்தார். பெட்டியைத் திறந்தார்.

எல்லாம் மடித்து வைத்திருந்தது. ஒவ்வொன்றாக எடுத்தார். ஒவ்வொன்றின் ஓரத்தையும் புரட்டினார். சேலைகள். ரவிக்கைகள். உள்பாவாடை. அண்ணன் முதல் கிறிஸ்துமஸுக்கு எடுத்துக் கொடுத்த சால்வை. புதுக் கோடிச் சேலை மட்டும் இல்லை.

மூன்று புள்ளி, ஒரு கோடு. மூன்று புள்ளி, ஒரு கோடு.

"என்னத்த எடுத்துட்டுப் போயிருக்கா?" சாராளுக்குப் பொறுக்கவில்லை. "சொல்லுங்களேன்."

"நம்ம வீட்டுது எதுவும் போகல" என்றார்.

பெட்டிக்குள் குனிந்த தலையை அவர் நிமிர்த்தவில்லை.