வியாழக்கிழமை தையல் வகுப்பு

எல்லோரும் சுகமா? மனசையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

"ஆறு மாசமா தையல் கிளாஸ் போறே, ஒரு தலையணை உறைகூட வந்தபாடில்லையே?" என்றாள் மாமியார்.

"இன்னும் ஊசியில நூல் கோர்க்கத்தான் சொல்லித் தர்றாங்க அத்தை."

போவது மனநல ஆலோசகரிடம் என்று தெரிந்தால், பைத்தியம் என்று அத்தை ஊரைக் கூட்டிவிடுவாளே என மருமகளுக்கு உதறல்.

மாமியார் மூட்டுவலி டாக்டரிடம் கிளம்பியதும் இவளும் நழுவினாள். அன்று வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே வரச் சொல்லியிருந்தார்கள்.

ஆலோசகரின் அறைக்கதவு திறந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தவள், மாமியார்!

"அத்தை... மூட்டுவலிக்கு இங்கேயா?"

"நீ நூல் கோர்க்கிற இடத்துலதான்டி. உன்னைப் பத்தி எல்லாம் சொல்லிட்டேன். போ, நீயும் என்னைப் பத்திச் சொல்லிட்டு வா. காத்திருக்கேன், சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம்."

உங்கள் வீட்டில் யார், எங்கே தைக்கிறார்கள்? எழுதுங்களேன்.