படுத்துச் சிரித்தவர்கள்

ஞானப்பிரகாசம் சாருக்குப் பக்கத்தில் நின்று அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்போதுதான் சார் பொத்தென்று புல்லில் மல்லாந்தார்.

பூங்காவின் சிரிப்பு மன்றத்துக்கு சார்தான் தலைவர். முப்பது வருஷம் டிரில் மாஸ்டராக இருந்தவர். சார் கையைத் தூக்கினால் இருபத்தேழு பேர் கை தூக்குவார்கள். சார் தும்மினால் இருபத்தேழு மூக்கு தும்மும். அந்தக் காலைச் சிரிப்பில் பூங்காவின் சுற்றுச்சுவர் வருஷத்துக்கு இரண்டு அங்குலம் நகர்ந்துபோகிறது என்று பேச்சு. மூன்று தெரு தள்ளி, அடுப்பில் வைக்காத பால்கூடப் பொங்குமாம்.

"படும்வே! சார் இன்னைக்குப் புதுசு ஒண்ணு எடுத்துவிட்டிருக்காரு!" என்றார் ரிட்டயர்டு தாசில்தார்.

சொன்னவர் படுத்தார். வரிசை வரிசையாக எல்லோரும் படுத்தார்கள். முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்ட நர்ஸ் பாக்கியத்தம்மாள்கூட.

வானத்தைப் பார்த்து ஹஹ்ஹா.

அவரும் படுத்தார். சாருக்குப் பக்கத்திலேயே.

தலையைத் திருப்பினார்.

சாரின் வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை. வலது கை விரல்கள் மட்டும் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாக.

பார்த்தவர் தலையைத் தூக்கினார். அரை அடி. கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

சுற்றிலும் தொந்திகள் குலுங்கின.

தாசில்தாருக்குத் தெரியாததா? ஆயிரம் சாவைப் பார்த்த நர்ஸம்மாவுக்குத் தெரியாததா? தான் மட்டும் எழுந்து கூப்பாடு போட்டு, சார் கண்ணைத் திறந்து, "என்னவே, பயந்துட்டீரா?" என்று கேட்டுவிட்டால்? அதையே சொல்லிச் சொல்லி அடுத்த பொங்கல்வரை சிரிப்பார்களே.

திறந்த வாயை வீணாக்கவில்லை.

ஹஹ்ஹா.

தலையை மறுபடி புல்லில் வைத்தார்.

விரல்கள் நின்றன.

செடிக்குத் தண்ணீர் விட வந்த மாசானம்தான் வாளியைப் போட்டுவிட்டு அலறினான். மாசானம் மன்றத்தில் உறுப்பினர் இல்லை.

"ஒரு பத்து நிமிஷம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்று ஆஸ்பத்திரி டாக்டர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் சாரின் மனைவி எஸ்தர் டீச்சர் உட்கார்ந்திருந்தார். மாலை போட வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி.

"ஒருத்தர்கூடவா பாக்கல?"

"தெரியலியேம்மா."

இருபத்தாறு பேரும் அதையே சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

கடைசியாக அவர் முறை. டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியலியேம்மா."

அடுத்த திங்கட்கிழமை மன்றம் மறுபடி கூடியது. சாரின் நினைவாக ஐந்து நிமிஷம் புல்லில் படுத்துச் சிரிப்பது என்று தாசில்தார் தீர்மானம் கொண்டு வந்தார். ஏகமனதாக நிறைவேறியது.

படுத்தார்கள். சிரித்தார்கள். சுவர் இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

அவருக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்குமளவு புல் காலியாகக் கிடந்தது. சாரின் விரல்கள் பிடுங்கிய இடத்தில் மட்டும் மண் தெரிந்தது.

அவரால் முடியவில்லை. தலையை அரை அடி தூக்கினார்.

புல்வெளி முழுக்க இருபத்தாறு தலைகள் அரை அடி உயர்ந்திருந்தன. எல்லாக் கண்ணும் அந்தக் காலி இடத்தில்.

சிரிப்பு மட்டும் நிற்கவில்லை.