ஓட்டிப் பார்க்க வந்தவன்

“இனிச் சரிவராது அக்கா. ஆள் முடிஞ்ச மாதிரித்தான்” என்று தொப்பியைக் கழற்றினான் செபஸ்ரியன்.

மரியரஞ்சனி நெஞ்சில் கைவைத்தாள். “ஐயோ தம்பி, போன மாரிக்கு எப்பிடி நிண்டவர்!”

இருவரும் துக்கம் விசாரித்தது, அவள் வீட்டு வாசலில் நின்ற பனி எறியும் மெஷினை. முன்வாயால் பனியை அள்ளி, மேலே நீட்டிய குழாயால் தூர வீச வேண்டியது அது. இப்போதோ குழாய் அடைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தன் காலடியிலேயே துப்பிக்கொண்டு நின்றது.

ஞாயிறு பூசை முடிந்து வரும்போது அவளேதான் சொன்னாள்: “எங்கட மெஷின் அடைக்குது தம்பி, எறியுதில்லை. விருப்பமெண்டால் வந்து ஓட்டிப் பாருங்கோவன்.” செபஸ்ரியனுக்கு அதற்கு மேல் ஒன்றும் காதில் விழவில்லை. அடுத்த நாளே பனி கொட்டித் தள்ளியது. எல்லிங்ஸ்ருட்டில் அவன் வீட்டு வாசல் மூடிப்போய்க் கிடக்க, மனைவி நிலூஜா பனி அள்ளும் சவளைக் கொண்டுவந்து கையில் தந்தாள். “சவளோ? மத்தியானம் மெஷினோடை வந்து நிக்கிறன் பார்” என்று சொல்லிவிட்டு, தெரிந்தவரின் ட்ரெயிலரைக் காரில் கொழுவிக்கொண்டு மரியரஞ்சனி இருக்கும் ஹவுகெட்டோவுக்கு வந்திருந்தான்.

வந்த உடனேயே பிழையைக் கண்டுபிடித்துவிட்டான். பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் கேபிள் இளகிக் கிடந்தது. பெல்ட் வழுக்கினால் உள்ளே சுழலும் தகட்டுக்கு வேகம் வராது. வேகம் இல்லாவிட்டால் ஈரப்பனி குழாயில் அப்பிக்கொள்ளும். நட்டு முடுக்கும் சாவியால் நாலு சுற்றுச் சுற்றினால் சரி. ஆனால் அதை வாய்விட்டுச் சொன்னால் யார் மெஷினைத் தூக்கித் தருவார்கள்?

“எதுக்கும் ஒருக்காக் கழட்டிப் பாப்பம்” என்று முகத்தைத் தொங்கப் போட்டான்.

அவள் தேத்தண்ணி போட உள்ளே போன நேரம் பார்த்துக் கேபிளை இறுக்கினான். இழுத்து ஸ்டார்ட் பண்ணி, முழு வேகத்தில் விட்டான். பனி வளைந்து பறந்தது. வாசலின் இரண்டு பக்கமும் நெஞ்சளவுக்குச் சுவர் மாதிரிக் குவிந்திருந்த பழைய பனிக்கு மேலாகப் போய் விழுந்தது. அந்தச் சுவர்களின் ஒழுங்கைப் பார்த்து, பாவம், வீட்டுக்காரர் சவளால் அள்ளியே முதுகை முறித்திருப்பார் என்று செபஸ்ரியன் இரக்கப்பட்டான்.

குசினி ஜன்னலில் திரைச்சீலை அசைந்தது. அவன் பதறிப்போய் வேகத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தான். மெஷின் பழையபடி காலடியில் துப்பியது.

மரியரஞ்சனி வாசலுக்கு வந்தாள். “என்ன தம்பி, சத்தம் கொஞ்சம் மாறின மாதிரிக் கிடந்துது?”

“அது கடைசி மூச்சு அக்கா. சில மெஷின் போறதுக்கு முதல் அப்பிடித்தான் ஒருக்காக் கத்தும்.”

“அப்பிடியே! எண்டாலும் மனம் கேக்குதில்லை. கராஜ் பக்கம் ஒருக்கா ஓட்டிப் பாருங்கோவன். அங்கை பனி வேற மாதிரி.”

ஓட்டினான். அவள் பார்த்துக்கொண்டே நின்றதால் வேகத்தைக் கூட்ட வழியில்லை. நாலடிக்கு ஒருதரம் குழாய் அடைத்தது. ஒவ்வொரு தரமும் எஞ்சினை நிறுத்தி, தடியால் குத்திக் குத்தி எடுத்து, திரும்ப இழுத்து ஸ்டார்ட் பண்ண வேண்டியிருந்தது. தன் வாயாலேயே வந்த வினை என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

“ரோட்டுக்குப் போற சரிவிலயும் பாத்தால் நல்லது தம்பி.”

சரிவிலும் பார்த்தான். ஜக்கெட்டைக் கழற்றி மதிலில் போட்டான். நடுவில் போன் அடித்தது.

“எங்கை நிக்கிறியள்?” என்றாள் நிலூஜா. “தபால்காரி எங்கட வாசல்ல விழுந்து எழும்பிப் போறாள்.”

“இந்தா, மெஷினை ஏத்தப்போறன். வந்தால் எங்கட வாசல் பத்து நிமிச வேலை” என்று மூச்சு வாங்கினான்.

கடைசியாக, குப்பை வாளிகள் நிற்கும் மூலையிலும் ‘பார்த்து’ முடிந்தபோது, வீட்டுப் படியிலிருந்து தெரு வரைக்கும் கறுத்த தார் பளபளத்தது. குனிந்து குனிந்து செபஸ்ரியனுக்கு இடுப்பு நாரி நிமிரவில்லை. ஆனாலும் முகத்தை மறுபடி துக்கவீட்டு முகமாக்கிக்கொண்டு, ட்ரெயிலரின் பின்கதவைத் திறந்து பலகையைச் சரித்தான்.

“வைச்சிருந்து என்ன செய்யப்போறியள் அக்கா? உங்களுக்கேன் கரைச்சல், நானே கொண்டுபோய்க் குப்பையில போட்டுவிடுறன்.”

மரியரஞ்சனி தேத்தண்ணிக் கோப்பையை அவன் கையில் தந்தாள். வாசலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஆசையோடு பார்த்தாள்.

“குப்பையிலயோ? வேண்டாம் தம்பி. குடுக்கிறனெண்டு நான் சொல்லேல்லையே, ஓட்டிப் பாக்கத்தானே கூப்பிட்டனான்.”

அவள் அவன் தோளில் கிடந்த பனியைப் பரிவாகத் தட்டிவிட்டாள்.

“தேத்தண்ணியைக் குடிச்சிட்டு, அந்தக் கேபிளைப் பழையபடி இளக்கிவிட்டிட்டுப் போங்கோ, நாளைக்கும் பனியாம், வேற ஒராள் ஓட்டிப் பாக்க வாறார்.”